சிஸ்கோ பாக்கெட் ட்ரேசர்: நெட்வொர்க்கிங் முதல் பாடத்துக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பாடம் எடுத்த மாணவர்கள் பலருடைய லேப்டாப்பில், நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பார்க்க உதவும் சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் இருக்கும். இரண்டு பிசி, நடுவில் ஒரு சுவிட்ச், கோடு இழுத்ததும் பச்சை முக்கோணம், பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தால் பதில். ரெக்கார்டு நோட்டில் ஸ்கிரீன்ஷாட் ஒட்டியாயிற்று, வேலை முடிந்தது. ஆனால் இந்த மென்பொருளின் உண்மையான சரக்கு வேறொரு இடத்தில் இருக்கிறது. திரையின் கீழ்வலது மூலையில் 'ரியல்டைம்' பக்கத்தில் இருக்கும் 'சிமுலேஷன்' பட்டன்தான் அது. அதை ஒரு தடவைகூடத் தொடாமல் செமஸ்டரை முடிப்பவர்கள்தான் அதிகம். அந்தப் பட்டனுக்காகவே இதை இன்ஸ்டால் செய்யலாம். அது காட்டாத விஷயங்களுக்கு வேறு கருவியைத் தேடவும் வேண்டும்.

முதலில் நிறுவும் கதை. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி தளத்தில் ஒரு கணக்கு தொடங்கினால் போதும், இலவசம். விண்டோஸ், உபுண்டு, மேக் மூன்றுக்கும் கிடைக்கிறது. 4 ஜிபி ரேமும் ஒன்றரை ஜிபி இடமும் இருந்தால் ஓடும் என்பதால் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களும் கவலைப்பட வேண்டாம். திறக்கும்போது அந்தக் கணக்கில் லாகின் கேட்கும்; அங்கே லாகினை நினைவில் வைத்துக்கொள்ளும் தேர்வை ஆன் செய்துவிடுங்கள். இன்டர்நெட் தகராறு செய்யும் லேபில் இது ஒரு தலைவலியைக் குறைக்கும். கணக்கு இருந்தும் எங்கிருந்தோ கிடைத்த செட்டப் ஃபைலை பென்டிரைவில் சுற்றவிடும் பழக்கம் வேண்டாம். வைரஸ் பயம் ஒருபுறம் இருக்க, வெர்ஷன் சிக்கல் வேறு வரும். புது வெர்ஷனில் சேமித்த பிகேடி ஃபைலைப் (பாக்கெட் ட்ரேசரின் சேமிப்புக் கோப்பு) பழைய வெர்ஷன் திறக்காது. வீட்டில் புதியது, லேபில் பழையது என்று இருந்தால் இரவெல்லாம் செய்த வேலை காலையில் திறக்காமல் நிற்கும். லேபில் என்ன வெர்ஷன் என்று ஹெல்ப் மெனுவின் 'அபவுட்' பகுதியில் பார்த்து, வீட்டிலும் அதையே போடுங்கள்.

திறந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். 'ஆப்ஷன்ஸ்' மெனுவில் 'பிரிஃபரன்சஸ்' போய், போர்ட் பெயர்களை எப்போதும் காட்டும் தேர்வை டிக் செய்யுங்கள். எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில் செருகியிருக்கிறது என்று தெரியாமல் தப்பான இன்டர்ஃபேஸுக்கு ஐபி கொடுப்பதுதான் முதல் வாரத்தின் பெரிய நேர விரயம். இந்த ஒரு டிக் அதில் பாதியை மிச்சப்படுத்தும். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் அதே இடத்தில் ஃபான்ட் அளவையும் கூட்டிக்கொள்ளலாம்.

கேபிள் தேர்வில் மின்னல் படம் போட்ட தானியங்கித் தேர்வு ஒன்று உண்டு. தொடக்கத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது. பிசிக்கும் சுவிட்சுக்கும் ஸ்ட்ரெய்ட் த்ரூ, பிசிக்கும் பிசிக்கும் கிராஸ் ஓவர் என்பதை நீங்களே தேர்ந்தெடுத்தால்தான் வைவாவில் கேட்கும்போது வாய் திறக்கும். இரண்டு பிசிக்கு இடையில் ஸ்ட்ரெய்ட் த்ரூ போட்டால் இரு முனையும் சிவப்பாகவே நிற்கும். இன்றைய நிஜ சுவிட்சுகள் பெரும்பாலும் கேபிள் வகையைத் தாமே கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்கின்றன. ஆனாலும் அனுப்பும் கம்பி எது, பெறும் கம்பி எது என்ற அடிப்படையை இந்தச் சிவப்பு விளக்கு பதியவைக்கும்.

சுவிட்ச் பக்கம் ஆரஞ்சுப் புள்ளி வந்தால் பதறிப் போய்க் கேபிளைப் பிடுங்காதீர்கள். 2960 மாடல் சுவிட்சில், பாக்கெட்டுகள் வட்டமடிக்காமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ இயல்பாகவே ஓடுகிறது. போர்ட் 15 விநாடி கேட்கும் நிலையிலும் 15 விநாடி கற்கும் நிலையிலும் இருந்துவிட்டுத்தான் பச்சைக்கு வரும். அந்த அரை நிமிடத்துக்குள் பிங் அடித்து, 'வேலை செய்யவில்லை' என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவது லேபில் வாடிக்கையாகப் பார்க்கும் காட்சி. பொறுமை இல்லையென்றால் கீழே ஃபாஸ்ட் ஃபார்வர்டு பட்டன் இருக்கிறது.

இனி ரூட்டர். 1941 அல்லது 2911 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு நெட்வொர்க்கை இணைக்கும் முதல் லேபுக்குப் போதும். இடதுபுறம் 192.168.10.0, வலதுபுறம் 192.168.20.0, இரண்டுக்கும் மாஸ்க் (முகவரியில் நெட்வொர்க் பகுதி எது என்று சொல்லும் எண்) 255.255.255.0. ரூட்டரின் கிகாபிட் 0/0 போர்ட்டுக்கு 192.168.10.1, 0/1 போர்ட்டுக்கு 192.168.20.1. பிசிக்களுக்கு முறையே 192.168.10.10, 192.168.20.10, கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்) அந்தந்தப் பக்கத்து ரூட்டர் முகவரி.

ரூட்டரைத் திறந்து சிஎல்ஐ (கட்டளை தட்டும்) பகுதிக்குப் போனதும் ஆரம்பக் கான்ஃபிகரேஷன் உரையாடலுக்குள் போகலாமா என்று கேட்கும். 'நோ' என்று சொல்லுங்கள். தெரியாமல் 'யெஸ்' கொடுத்தால் கேள்விமேல் கேள்வி வரும். பிறகு எனேபிள், கான்ஃபிகர் டெர்மினல், இன்டர்ஃபேஸ் பெயர், ஐபி அட்ரஸ் என்று வரிசையாகப் போகலாம். கடைசியில் 'நோ ஷட்டவுன்' கொடுக்க மறக்கவே கூடாது. சிஸ்கோ ரூட்டரின் இன்டர்ஃபேஸ்கள் ஆரம்பத்தில் அணைந்த நிலையில்தான் இருக்கும். சுவிட்ச் போர்ட்டுகள் அப்படியல்ல. ஐபி எல்லாம் சரி, விளக்கு மட்டும் சிவப்பு என்றால் பத்தில் ஒன்பது தடவை இதுதான் காரணம். 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் ப்ரீஃப்' கட்டளையில் 'அட்மினிஸ்ட்ரேடிவ்லி டவுன்' என்று வந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொரு எரிச்சல்: எனேபிள் நிலையில் எழுத்துப் பிழையோடு ஒரு சொல்லைத் தட்டினால், ரூட்டர் அதை ஏதோ ஒரு கம்ப்யூட்டரின் பெயர் என்று நினைத்து டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) தேடப் போய்விடும். திரை அப்படியே உறைந்ததுபோல் நிற்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரலாம். 'நோ ஐபி டொமைன் லுக்கப்' என்று முதலிலேயே கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

சிஎல்ஐ பயமாக இருக்கிறது என்றால் பக்கத்தில் 'கான்ஃபிக்' பகுதி இருக்கிறது. கட்டங்களில் எண்ணை நிரப்பினால் அதற்குச் சமமான கட்டளைகளைக் கீழே காட்டும். முதல் இரண்டு வகுப்புக்கு நல்ல ஊன்றுகோல். அதற்குமேல் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் கட்டளை ஒன்றும் விரலில் ஏறாது.

இப்போது சிமுலேஷன். எல்லா விளக்கும் பச்சையான பிறகே இதற்கு மாறுங்கள். இங்கே நேரம் நாம் நகர்த்தினால்தான் நகரும். ஆரஞ்சில் இருக்கும்போது மாறினால் ஆரஞ்சாகவே நிற்கும். மாறியதும் நிகழ்வுப் பட்டியலில் ஸ்பானிங் ட்ரீ, சிடிபி (சிஸ்கோ கருவிகள் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் செய்தி) என்று கேட்காத பாக்கெட்டுகள் வந்து குவியும், சற்று நேரத்தில் பஃபர் நிறைந்துவிட்டது என்று ஒரு பெட்டியும் எட்டிப் பார்க்கும். ஃபில்டரில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஏஆர்பி (ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் கார்டின் வன்பொருள் எண்ணைக் கேட்பது), ஐசிஎம்பி (பிங் பயன்படுத்துவது) இரண்டை மட்டும் டிக் செய்யுங்கள். இடதுபுற பிசியின் கமாண்ட் பிராம்ப்டில் 192.168.20.10க்குப் பிங் கொடுத்து, ஒவ்வோர் அடியாக முன்னே நகர்த்துங்கள்.

முதலில் பிசியின் தலையில் இரண்டு உறைகள் தெரியும், ஒன்று ஐசிஎம்பி, இன்னொன்று ஏஆர்பி. சேரவேண்டிய முகவரி வேறு நெட்வொர்க் என்று பிசி மாஸ்க்கை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டது. எனவே கேட்வேயின் மேக் முகவரி வேண்டும், அது தெரியவில்லை, பிங் காத்திருக்கிறது. ஏஆர்பி உறையைக் கிளிக் செய்து 'அவுட்பவுண்ட்' விவரத்தைப் பாருங்கள். பெறுநர் மேக் முகவரியில் பன்னிரண்டும் எஃப் எழுத்து. டைப் கட்டத்தில் 0806. ஐபி பாக்கெட்டாக இருந்தால் அதே இடத்தில் 0800 இருக்கும். பாடப்புத்தகத்தில் கட்டம் கட்டமாக வரைந்திருக்கும் ஈதர்நெட் ஃபிரேம் இங்கே உண்மையான எண்களோடு நிரம்பி நிற்கிறது.

சுவிட்ச் அதை வந்த போர்ட் தவிர மற்ற எல்லாவற்றிலும் கொட்டும். ரூட்டர் மட்டும் பதில் சொல்லும். பதில் வந்ததும் காத்திருந்த பிங் கிளம்பி ரூட்டரை அடையும். இங்கே ஒரு விஷயம் நடக்கும்: வலதுபுற பிசியின் மேக் ரூட்டருக்குத் தெரியாது. அதனால் அந்த முதல் பிங் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு, அந்தப் பக்கம் ஒரு ஏஆர்பி கேள்வியை அனுப்பும். முதல் பிங்குக்கு 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்', அடுத்த மூன்றுக்குப் பதில், 25 சதவீத இழப்பு என்று கணக்கு வருவதன் காரணம் இதுதான். மறுபடி பிங் அடித்தால் நான்கும் வரும். 'முதல் தடவை எப்போதும் ஒன்று போகும் சார்' என்று மனப்பாடமாகச் சொல்லும் மாணவருக்கும் ஏன் என்று சொல்லத் தெரிந்த மாணவருக்கும் வித்தியாசம் இந்த ஓர் அடியில்தான். முழுதாகத் திரும்பப் பார்க்க வேண்டுமென்றால் ஏஆர்பி அட்டவணை காலியாக வேண்டும். பிசியில் ஏஆர்பி கட்டளையை மைனஸ் டி சேர்த்துக் கொடுத்தால் அதன் அட்டவணை போய்விடும். எல்லாக் கருவிகளையும் ஒரேயடியாக அணைத்து எழுப்பும் பவர் சைக்கிள் பட்டனும் உண்டு. ஆனால் ரன்னிங் கான்ஃபிகை ஸ்டார்ட்டப் கான்ஃபிகுக்கு காப்பி செய்யாமல் அதை அழுத்தினால் ரூட்டரில் தட்டியது அத்தனையும் போச்சு.

இரண்டாவது பிங் ரூட்டரில் நிற்கும்போது உறையைத் திறந்து, உள்ளே வந்த விவரத்தையும் வெளியே போகும் விவரத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஐபி முகவரிகள் இரண்டும் அப்படியே. மேக் முகவரிகள் இரண்டும் மாறியிருக்கும். டிடிஎல் (ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறையும் எண்) 128ஆக வந்து 127ஆகப் போகும். வலதுபுற பிசியிலிருந்து வரும் பதிலில் டிடிஎல் 127 என்றும், கேட்வேக்கே பிங் கொடுத்தால் 255 என்றும் திரையில் தெரிவது ஏன் என்பது இதைப் பார்த்த பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லேயர் 2 (மேக்) ஒவ்வொரு தாவலுக்கும் புதுசு, லேயர் 3 (ஐபி) முனைக்கு முனை என்று கரும்பலகையில் ஒரு மணி நேரம் விளக்குவதை இந்த இரண்டு திரைகள் சில நிமிடங்களில் முடித்துவிடும்.

பிழை கண்டுபிடிக்கவும் இதுதான் சிறந்த இடம். வேண்டுமென்றே வலதுபுற பிசியின் கேட்வேயை அழித்துவிட்டுப் பிங் கொடுங்கள். ரியல்டைமில் பார்த்தால் வெறும் 'டைம்டு அவுட்'. எங்கே தவறு என்று ஒரு துப்பும் கிடையாது, பெரும்பாலானோர் ரூட்டரைச் சந்தேகிப்பார்கள். சிமுலேஷனில் பார்த்தால் பாக்கெட் ஒழுங்காக ரூட்டரைத் தாண்டி வலதுபுற பிசி வரை வந்துவிடுகிறது. பதில் கிளம்பும்போதுதான் சிவப்புக் குறுக்குக் கோடு விழுகிறது. 'ஓஎஸ்ஐ மாடல்' பகுதியில் லேயர் 3ஐ அழுத்தினால், சேரவேண்டிய முகவரி இந்த நெட்வொர்க்கில் இல்லை, கேட்வே கொடுக்கப்படவில்லை, எனவே பாக்கெட்டைக் கைவிடுகிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். இரண்டு ரூட்டர் போட்டு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதும் வழி) கொடுக்கும் லேபிலும் இதே கதைதான்: போக வழி எழுதுவார்கள், திரும்பிவர வழி எழுத மறப்பார்கள். பிங் வெற்றி என்றால் இரண்டு வழியும் சரி என்று அர்த்தம், தோல்வி என்றால் எந்த வழி என்பதை உறை நின்ற இடம் சொல்லும்.

சீரியல் இணைப்புக்குத் தனி மாட்யூல் செருக வேண்டும். 1941க்கு எச்விக் 2டி. பவர் ஸ்விட்சை அணைக்காமல் மாட்யூலை இழுத்துப் போட்டால் அனுமதிக்காது. நிஜத்திலும் நல்ல பழக்கம்தான். லேப்டாப்பை வயர்லெஸ்ஸாக மாற்றும்போதும் அதே விதி: அணை, பழைய ஈதர்நெட் மாட்யூலைக் கழற்று, வயர்லெஸ் மாட்யூலைப் போடு, மறுபடி ஆன் செய். டபிள்யூஆர்டி 300என் வீட்டு ரூட்டரில் பாஸ்வேர்டு மாற்றியும் பழையபடியே இருக்கிறது என்ற புகாருக்குக் காரணம், பக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கும் 'சேவ் செட்டிங்ஸ்' பட்டன். கீழே உருட்டிப் போய் அழுத்தாமல் அடுத்த டேபுக்குத் தாவினால் எல்லாம் காற்றில் போகும்.

டிஎச்சிபி (பிசிக்களுக்கு ஐபி முகவரியைத் தானே வழங்குவது), டிஎன்எஸ், வெப் சர்வர் எல்லாம் ஒரே சர்வர் ஐகானில் கிடைக்கும், தொடக்கநிலைக்குத் தாராளம். டிஎச்சிபி பூலில் எண்ணை மாற்றிவிட்டு 'சேவ்' அழுத்தாமல் விடுவது, சர்வருக்கே ஸ்டாட்டிக் ஐபி கொடுக்காமல் விடுவது இரண்டும்தான் வழக்கமான தவறுகள். பிசிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் டிஎச்சிபி பதில் வந்து சேரவில்லை என்று பொருள்.

விஎல்ஏஎன் (ஒரே சுவிட்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது) பகுதியில் ஒரு ரூட்டர் போர்ட்டை உடைத்துப் பல சப் இன்டர்ஃபேஸாக்கும் லேப் நன்றாகவே வேலை செய்கிறது. வரிசை முக்கியம்: சப் இன்டர்ஃபேஸில் 'என்காப்சுலேஷன் டாட்1க்யூ' கொடுத்து விஎல்ஏஎன் எண்ணைச் சொன்ன பிறகே ஐபி கொடுக்க வேண்டும், மாற்றிக் கொடுத்தால் பிழைச் செய்தி வரும். அதன் தாய் இன்டர்ஃபேஸுக்கு 'நோ ஷட்டவுன்' கொடுக்க மறந்தால் பிள்ளைகள் எதுவும் எழாது. சுவிட்சில் ரூட்டரை நோக்கிய போர்ட்டை ட்ரங்க் (பல விஎல்ஏஎன்களைச் சுமக்கும் போர்ட்) ஆக்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

இனி குறைகள். இது சிஸ்கோ கருவிகளின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸை நிஜமாக ஓட்டும் கருவி அல்ல. அதைப்போல நடிக்கும் மென்பொருள். கேள்விக்குறி போட்டுப் பார்த்தால் நிஜ ரூட்டரில் இருக்கும் பல கட்டளைகள் இங்கே இருக்காது. சிசிஎன்ஏ (சிஸ்கோவின் சான்றிதழ் தேர்வு) அளவிலான பயிற்சிக்குப் பெரும்பாலும் போதும். அதற்கு மேலே ஏறினால் கட்டளை கிடைக்காமல் சுவரில் முட்டிக்கொள்வீர்கள்.

டிசிபி பாடத்துக்கு இது பாதிதான் உதவும். பிசியின் பிரவுசரில் சர்வர் முகவரியைக் கொடுத்து, ஃபில்டரில் டிசிபியையும் எச்டிடிபியையும் வைத்துப் பார்த்தால் இணைப்பைத் தொடங்கும் சின், சின் ஆக், ஆக் மூன்றும் பிசிக்கும் சர்வரின் போர்ட் 80க்கும் இடையே வரிசையாகப் போய்வருவது தெளிவாகத் தெரியும். அதோடு சரி. நெரிசலில் விண்டோ (பதிலுக்குக் காத்திராமல் அனுப்பும் அளவு) சுருங்கி விரிவதை வரைபடமாகப் பார்க்க இதில் வழியில்லை. பிங் நேரங்களை வைத்து வேகத்தை ஒப்பிடவும் கூடாது. கேபிளும் இயல்பு நிலையில் குறையே இல்லாத கேபிள். தூரத்தின் பாதிப்பைப் பார்க்க பிரிஃபரன்சஸில் அதற்கென்று உள்ள தேர்வை ஆன் செய்ய வேண்டும். ஆர்ஜே45 முனையைக் கிரிம்ப் செய்வதை எந்த மென்பொருளும் கற்றுத்தராது. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்ற டி568பி வரிசையைக் கையால் அடுக்கி டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிவதைப் பார்த்தால்தான் அது வரும்.

பிகேஏ என்ற பயிற்சிக் கோப்புகள் பற்றியும் ஒரு வார்த்தை. எத்தனை சதவீதம் முடித்தீர்கள் என்று அதுவே மதிப்பிடும். ஆசிரியருக்குத் திருத்தும் சுமை குறைவு. ஆனால் அது பல சமயம் பார்ப்பது, குறிப்பிட்ட வரிகள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதைத்தான். ஹோஸ்ட்நேமில் ஒரு பெரிய எழுத்து தப்பினாலும் மதிப்பெண் குறையும். பாக்கெட் போய்ச்சேர்ந்தும் நூறு வராது. நூறைத் துரத்தும் மாணவர் வரிகளை நகலடிக்கக் கற்றுக்கொள்கிறார். தாளில் படம் மட்டும் கொடுத்து வெற்றுத் திரையில் தொடங்கச் சொல்லும் லேப்தான் பயனுள்ளது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் நெட்வொர்க்ஸ் செய்முறைப் பட்டியலில் டிசிபிடம்ப், நெட்ஸ்டாட், என்எஸ்லுக்கப், ட்ரேஸ்ரூட் கட்டளைகள், சாக்கெட் புரோகிராம்கள், நெட்வொர்க் சிமுலேட்டரில் நெரிசல் கட்டுப்பாடு என்று வருகின்றன. பாக்கெட் ட்ரேசரை மட்டும் நம்பி செய்முறைத் தேர்வுக்குப் போனால் கை நடுங்கும். இங்கே ஏஆர்பியையும் டிசிபி தொடக்கத்தையும் பார்த்த கையோடு, நிஜ பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கை நிறுவி உங்கள் வீட்டு வைஃபையில் அதே இரண்டையும் பிடித்துப் பாருங்கள். அதுவும் இலவசம். கட்டங்கள் அதேதான்; எண்கள் மட்டும் நிஜமானவை. ஃபில்டர் கட்டத்தில் ஏஆர்பி என்று மட்டும் தட்டி, போனை வைஃபையில் ஒருமுறை துண்டித்து இணைத்தால் போதும், கேட்வேயைத் தேடும் கேள்வி பெரும்பாலும் திரையில் வந்து நிற்கும்.

ஜிஎன்எஸ்3, ஈவ் என்ஜி இரண்டும் நிஜ இயங்குதளக் கோப்புகளை ஓட்டுபவை. அவற்றுக்கு ரேமும் அதிகம் வேண்டும், சிஸ்கோ கோப்புகளுக்கு உரிமமும் வேண்டும். சிஸ்கோவின் மாடலிங் லேப்ஸில் ஐந்து கருவிகள் வரை இலவசமாக ஓட்டும் பதிப்பு ஒன்று உண்டு. முதல் செமஸ்டருக்கு இவை எதுவும் தேவையில்லை. ஓஎஸ்பிஎஃப் ஏரியாக்கள், பிஜிபி போன்ற ரூட்டிங் முறைகளை ஆழமாகப் போட்டுப் பார்க்கும் நாள் வரும்போது மாறிக்கொள்ளலாம்.